ரிஷ்லியூ ஓடும் திசை

செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மொன்ட்ரியாலை அடுத்து நான் வசிக்கும் புரோசார்ட்டில் இருந்து புறப்பட்டோம். காரில் இரண்டே பேர்: நானும் என் மனைவி வதனியின் தமக்கை பவளக்காவும். முதல்நாள்தான் வதனியின் ஆட்டைத் திவசம், அவள் இறந்து ஓராண்டு நிறைவுச் சடங்கு, முடிந்திருந்தது. அக்காவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே என் வீட்டு முற்றத்தில் அவர் பறித்த செவ்வந்திப் பூக்கள்.

பவளக்கா வசிப்பது அமெரிக்காவில், பேர்லிங்டனில், ஷாம்ப்ளேன் ஏரிக்கரையில். மொன்ட்ரியாலில் இருந்து சுமார் நூற்றைம்பது கிலோமீற்றர். எல்லையில் நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை அக்காவும் தங்கையும் பத்தொன்பது ஆண்டுகளாகக் கடக்க முடியவில்லை. வதனிக்கு விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. அக்காவின் அகதி வழக்கு முடிந்து, அவர் எல்லை தாண்டலாம் என்று ஆனது இந்த வசந்தத்தில். வதனி அதற்கு முந்திய செப்டெம்பரிலேயே போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அவளுடைய அஸ்தியைக் கரைக்க ரிஷ்லியூ ஆற்றை நான் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம் வரைபடம். மேலே சொரெல் நகரில் தொடங்கி, நேரே கீழே இறங்கி, எல்லையைத் தாண்டி, அக்காவின் ஏரியில் போய் முடியும் ஒரு நீலக் கோடு. யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த பக்கத்தில் ஆறு கிடையாது. கிணறும் கடலும் மட்டும் தெரிந்த எனக்கு அந்தக் கோட்டை மேலிருந்து கீழாக வாசிக்கத்தான் தோன்றியது. அன்று வீசிய வடக்குக் காற்றும் சிற்றலைகளைத் தெற்கே தள்ளிக்கொண்டிருந்தது. கரையில் நின்றபடியே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அக்கா, வதனி வெளிக்கிட்டிட்டாள். இனிப் போடரில ஒருத்தரும் அவளை மறிக்கேலாது.”

மறுமுனையில் அக்கா சிரித்தார். பிறகு அழுதார். அதன் பின் வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்த் தங்கையோடு கதைத்துவிட்டு வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. தங்கை புறப்பட்ட இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

ஒன்பது மணிக்குச் சற்று முன் ஷாம்ப்ளியை அடைந்தோம். புரோசார்ட்டில் இருந்து இருபது கிலோமீற்றர். பிரெஞ்சுக்காரர் முதலில் மரத்தாலும் பின்னர் கல்லாலும் கட்டிய கோட்டை ஆற்றோரமாக நிற்கிறது. சாம்பல் நிறச் சதுரம், நான்கு மூலைகளிலும் கூர்மையாகத் துருத்தும் கொத்தளங்கள். அதன் அருகே ஆறு பாறைகளில் நுரைத்துப் பாய்ந்து, அகன்ற குளம் போன்ற ஒரு நீர்ப்பரப்பில் அடங்குகிறது.

பழங்கால உடுப்பில் ஒரு வழிகாட்டிப் பெண் பிரெஞ்சில் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் துண்டு துண்டாக அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். கோட்டையை ஏன் இங்கே கட்டினார்கள்? தெற்கே ஏரியில் இருந்து எதிரிகள் ஓடங்களில் ஆற்றோடு இறங்கி வருவார்கள். இந்தப் பாறைகளைக் கடக்க எல்லோரும் கரையேறியாக வேண்டும். ஆகவே இங்கே காவல்.

‘இறங்கி’ என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன்.

“தெற்கில் இருந்து இறங்கியா? ஏறி இல்லையா?” என்று அவளிடம் பிரெஞ்சில் கேட்டேன்.

“இறங்கித்தான், மிஸியே. ஆறு வடக்கே அல்லவா ஓடுகிறது? ஏரியில் இருந்து சொரெலுக்கு.”

அக்கா என் சட்டைக் கையை இழுத்தார். “என்னவாம் தம்பி?”

“அந்தக் காலத்துச் சண்டையளைப் பற்றிச் சொல்லுறா.”

“அவ கனக்கக் கதைச்சா, நீங்கள் ஒரு வரிதான் சொல்லுறியள். விளங்கேல்லைப் போல?”

“கொஞ்சம் கெதியாக் கதைக்கிறா அக்கா.”

“இவ்வளவு காலம் இஞ்ச இருந்து என்னத்தைத்தான் படிச்சனீங்களோ! வதனி சொல்லுறவள், உங்கட பிரெஞ்சு கடைக்குப் போய்ப் பால் வாங்க மட்டும்தான் காணுமெண்டு.”

சிரிக்க முயன்றேன்.

ஷாம்ப்ளியில் இருந்து மேற்குக் கரையோடு 223ஆம் சாலையில் சுமார் நாற்பது கிலோமீற்றர். ஆறு வலப்பக்கம் அகலமாக, அசைவே தெரியாமல் கிடந்தது. இடப்பக்கம் அறுவடைக்கு நின்ற சோளவயல்கள். பிரெஞ்சு ஆட்சியில் நிலத்தை ஆற்றிலிருந்து உள்நோக்கி நீண்ட பட்டைகளாக அளந்து கொடுத்தார்களாம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் கரையில் ஒரு துண்டாவது கிடைக்கட்டும் என்று. அந்தப் பட்டைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஊருக்கு ஊர் வெள்ளிக் கூரையுடன் ஒரு தேவாலயக் கோபுரம். வழியோரக் கடையில் ஒரு பை அப்பிள் வாங்கினோம், ஒன்பது டொலர். விற்ற கிழவர் ஒரு அப்பிளை அக்காவின் கையில் சும்மா வைத்தார். அக்கா “மெர்சி” என்றார், பெருமையாக என்னைப் பார்த்தபடி.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஊர் எல்லையிலும் நினைத்தேன். சொல்லவில்லை.

பதினொரு மணிக்குச் சான்-அந்துவான். தேவாலயத்துக்குக் கீழே, கரையின் கற்கள் நீரைத் தொடும் இடத்துக்கு, நான் அஸ்தியைக் கரைத்த இடத்துக்கு, அக்காவை அழைத்துச் சென்றேன். எதிர்க்கரையில் சான்-தெனி ஊரின் இரட்டைக் கோபுரங்கள். சிறிது தள்ளி, கார்களை ஏற்றிக் கரை கடத்தும் சிறிய படகு ஒன்று போய் வந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை.

“எங்கட பக்கம் எது?” என்று அக்கா கேட்டார்.

வலப்பக்கம், ஏரி இருக்கும் தெற்கே, கையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு குனிந்து ஒரு பூவை நீரில் விட்டார்.

பூ சற்று நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. பின்னர் மெல்ல இடப்பக்கமாகப் போகத் தொடங்கியது. அக்கா இன்னொன்றை விட்டார். அதுவும் அதே வழியில் போனது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கோட்டையில அந்தப் பிள்ளை சொன்னது இதுதானே?”

“ஓம் அக்கா. நான் வரைபடத்தைப் பிழையா விளங்கிக்கொண்டிட்டன்.”

அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். பெட்டியை மூடி, கல்லில் உட்கார்ந்தார்.

“நான் வெள்ளிக்கிழமையில போய் அவளுக்கு எல்லாம் சொல்லுறனான். வழக்கு முடிஞ்ச அண்டைக்கும் ஏரிக்குப் போய் அவளுக்குத்தான் முதல் சொன்னனான்.”

“உங்கட ஏரித் தண்ணிதான் அக்கா இஞ்ச வருது. நீங்கள் அங்க நிண்டு சொன்னதெல்லாம் இந்த வழியாத்தான்...”

“அப்ப அவள் வரேல்லை,” என்றார் அக்கா. “நான்தான் வந்திருக்கிறன்.”

மீதிப் பூக்களை ஒவ்வொன்றாக விட்டார். அவை போய் மறையும்வரை அங்கேயே இருந்தோம். இன்னும் முப்பது கிலோமீற்றரில் சொரெல்; அங்கே இந்த ஆறு சென்-லோறன்ஸ் பேராற்றில் கலந்து கடலை நோக்கிப் போகிறது. அதுவரை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி. போனால், இன்னும் தூரம் போயிட்டாள் எண்டுதான் தெரியவரும்.”

வந்த சாலையிலேயே காரைத் தெற்கே திருப்பினேன். இப்போது ஆறு இடப்பக்கம். அக்கா முன்னிருக்கைக்கு வராமல் பின்னால் ஏறி, ஆறு தெரியும் பக்கமாக உட்கார்ந்தார். நாங்கள் ஒரு திசையிலும் தண்ணீர் மறு திசையிலுமாகப் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடியில் பார்த்தேன். ஷாம்ப்ளி வரும்வரை அக்கா கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.