எல்லைக்குச்சியும் ஏழு கோலும்

டெங்கிலில் வீடு கட்ட வாங்கிய நிலத்தில் சிவப்புச் சாயம் பூசிய எல்லைக்குச்சிகளைப் பார்த்ததும் எனக்கு மீண்டும் பத்து வயதாகிவிட்டது.

ஜெஞ்சாரோமில் அப்பா வாங்கிய நிலத்திலும் இதே குச்சிகள்தான். பந்து விளையாட, கோல்கம்பத்துக்காக இரண்டைப் பிடுங்கினேன். ஆட்டம் முடிந்ததும், பொறுப்பான பிள்ளையாக, ஞாபகத்தை நம்பித் திரும்ப நட்டேன். மறுநாள் புல்டோசர் அந்தக் குச்சிவரை வந்து, பக்கத்து நிலத்து மணியம் மாமாவின் வாழைகளை வழித்துத் தள்ளியது.

ஆயுளுக்கும் அண்டைவீட்டுக்காரர் ஆகப்போகிறவர். அப்பாவே அவரைக் கூட்டிவந்து காட்டினார். நான் அழுதபடி ஒப்புக்கொண்டேன்.

மாமா சாய்ந்த குலைகளைப் பார்த்தார். "எத்தன கோலுடா போட்ட?"

"நான் கீப்பர் மாமா. ஏழு வுட்டேன்."

"ஏழா? போடா, உன்னவிட வாழையே தேவலாம். நின்ன எடத்துல நிக்கும்." சிரித்துவிட்டார். அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இன்று டெங்கிலில் புல்டோசர் உறுமியதும், எண்பது வயது அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"குச்சிகிட்ட போகாத."