காம்பு

வளவுக்குள் காலை வைக்கும் முன்பே மீனலோசனியக்கா செருப்பைக் கழற்றிவிடுவார். கனடாவுக்குப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடு. கூரை பாதி விழுந்துவிட்டது; முற்றத்து வில்வமரம் மட்டும் செழித்து நிற்கிறது. உச்சிவெயிலில்தான் வருவார். கிளையில் மஞ்சள் நூல் கட்டி, நோயாளியின் பெயரை மரத்துக்குச் சொல்லிவிட்டு ஒரு பிஞ்சைத் தொடுவார்.

வில்வம்பிஞ்சு இலேசில் கழலாது. ஆனால் அக்கா கேட்டால் விரல் பட்டதுமே கையோடு வரும். அதைச் சுடுசாம்பலில் சுட்டு, சதையைப் பனங்கட்டியோடு பிசைந்து கொடுப்பார். வயிற்றுக்கடுப்பு நின்றுவிடும். இறுப்பிட்டி ஊரில் பாதிப்பேர் அதைத் தின்று எழும்பியவர்கள்.

சில வேளை வராது. அக்கா இழுத்துப் பார்க்க மாட்டார். "மரம் தரேல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்பார். ஆழ்வாப்பிள்ளையின் பெயருக்கு வரவில்லை. எட்டாம் நாள் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா திரும்பி வரும்போது ஊர் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறது.

இப்போது படுத்திருப்பது அவருடைய கணவர் ஐயாத்துரை. மற்றவர்களை அனுப்பும் ஆஸ்பத்திரிக்கு இவரையும் அனுப்பியாயிற்று. ஒரு மாதமாகியும் அங்கே தந்த குளிசை மருந்து கேட்கவில்லை. அக்கா மூன்று நாள் மரத்தடிக்குப் போய், வாய் திறக்காமலே வந்துவிட்டார். "புருசன்ர பேரை எப்பிடிச் சொல்லுறது? நாப்பது வருசமாய்ச் சொன்னதில்லை" என்றார் பக்கத்து வீட்டு ஜெயந்தாவிடம். சாட்டு நல்ல சாட்டுத்தான். உண்மையில் அக்காவுக்குப் பயம். சொல்லியும் வராவிட்டால்?

நேற்றுச் சொன்னார். "ஐயாத்துரை."

காற்றே இல்லை. ஆனாலும் மரம் முழுவதும் இலைகள் ஒரு தடவை சிலிர்த்து அடங்கின. பிஞ்சைத் தொட்டார். வரவில்லை. இன்னொன்றைத் தொட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக இழுத்தும் பார்த்தார். பிறகு, வீட்டிலிருந்தே இடுப்பில் செருகி வந்த கத்தியை எடுத்தார். அறுக்கும்போது பூட்டிய வீட்டுக்குள் ஏதோ நடந்து வருவதுபோல் சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"தானாய் வந்ததோ?" என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டார் ஐயாத்துரை. தானாய்க் கழன்ற பிஞ்சில் காம்பு இராது என்பது அவருக்கும் தெரியும்.

"ஓம். உங்கட பேரைச் சொன்னவுடனை வந்திட்டுது."

"என்ர பேரைச் சொன்னனீரோ?" ஒரு மாதத்துக்குப் பிறகு மனிதர் சிரித்தார். கையை நீட்டினார். "தாரும், பாப்பம்."

அக்கா பிஞ்சை எட்டத்தில் பிடித்துக் காட்டினார். வெட்டுப்பட்ட காம்பின் மேல் பெருவிரலை நகம் வெளுக்க அழுத்தியிருந்தார்.