மூடுவதற்காகத் திறந்த ஆபீஸ்

அரசாங்கச் செலவைக் குறைக்கப் போகிறேன் என்று தேர்தலில் நின்ற அப்பாவுக்கு ஏணிச் சின்னம் கொடுத்தார்கள். அவர் கேட்டது கத்தரிக்கோல். அப்படி ஒரு சின்னம் பட்டியலிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "ஏறிக்கிட்டே போற சாமானைக் கொடுத்துட்டாங்க பாரு!" என்று வீட்டுக்கு வந்து அவர் போட்ட சத்தம் அம்மா மண்டபம் ரோடு முழுக்கக் கேட்டிருக்கும். நான் சிரித்த சிரிப்பில் குடித்த காபி மூக்கில் ஏறிவிட்டது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. எனக்கு இருபத்தோரு வயது. திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருந்தேன். அப்பாவுக்கு ஜீயபுரம் பக்கம் ஒரு அரிசி மில். நெல் அரைக்க லைசென்ஸ், நெல்லைக் கொண்டுவர பர்மிட், அரிசியைக் கொண்டுபோக இன்னொரு பர்மிட், போதாததற்கு உமியை எங்கே கொட்டுகிறீர்கள் என்று மாதாமாதம் ஒரு ஃபாரம். உமிக்குப் பதில் எழுதியே அவருக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. சர்க்கார் நம்மைச் சும்மா விட்டாலே போதும், நாம் பிழைத்துக்கொள்வோம் என்பதுதான் அவருடைய கொள்கை. எங்கள் ஊரில் அந்தக் கொள்கைக்கு அவர் ஒருவர்தான் ஆள் என்பதால் சுயேச்சையாக நின்றார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் எனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தது எங்கே தெரியுமா? கவர்மென்ட் ஆபீசில்!

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, காட்டூரில் இருந்த என் அத்தை மகன். சின்ன வயசிலேயே பேசி வைத்தது. பெரியவர்கள் பேசி வைத்தார்களோ இல்லையோ, எனக்கு அவர் மேல் உயிர். அதை ஒளிக்க எனக்குத் தெரியவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட வந்தால் ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றுவேன். அவருக்குக் கன்டோன்மென்ட்டில் குமாஸ்தா வேலை. தற்காலிகம்தான், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பு வரும். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "பெர்மனன்ட் ஆகட்டும். மறுநாளே தாலி கட்டட்டும்." அந்த பெர்மனன்ட் ஆர்டர் மெட்ராசில் யாரோ ஒருவர் மேஜையில் ரெண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. என் கல்யாணமும் அதே மேஜையில்தான் கிடந்தது.

அத்தான் ஆபீசில் என்ன வேலை பார்க்கிறார் என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. கவர்மென்ட்டா? ஆமாம். பெர்மனன்ட்டா? இன்னும் இல்லை. அதோடு விசாரணை முடிந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். கொல்லைக் கிணற்றடியில் கை கழுவும் சாக்கில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

அவர் வேலை பார்த்தது ஒரு ஆபீசை மூடுவதற்காகத் திறந்த ஆபீஸ். யுத்த காலத்து ரேஷன், கன்ட்ரோல் எல்லாவற்றையும் எடுத்த பிறகு, அந்தப் பழைய கன்ட்ரோல் ஆபீசின் ஃபைல்களைப் பார்த்து முடித்து, கட்டி அனுப்பி, கதவைச் சாத்துவதற்கென்றே புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மேனேஜர், ஒரு குமாஸ்தா, ஒரு பியூன், நாலு பீரோ. கதவைச் சாத்திவிட்டால் மூன்று பேருக்கும் வேலை போய்விடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, 'மூடும் பணி இன்னும் முடிவடையவில்லை' என்று எழுதிப் போட்டு நீட்டிப்பு வாங்குவார்கள். அத்தான் சேர்ந்த புதிதில், ஆர்வக்கோளாறில் ஒரே வாரத்தில் அரை பீரோவை முடித்துவிட்டாராம். மேனேஜர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, மெதுவா. நான் பிள்ளைகுட்டிக்காரன்" என்றாராம். அன்றிலிருந்து அத்தான் ஆபீசில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பெர்மனன்ட் ஆனால் வேறு இலாகாவுக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குள் யாராவது முழித்துக்கொண்டு இந்த ஆபீசை இழுத்து மூடிவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். கல்யாணமும் அம்போ.

இவ்வளவும் தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா?

அப்பாவின் பிரசாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செலவைக் குறைக்கிறேன் என்று சொல்கிறவன் தானே செலவு செய்யலாமா என்று கேட்டு, சுவரொட்டி கிடையாது என்றுவிட்டார். கூட வருகிறவர்களுக்கு டீ கிடையாது. ரெண்டாம் நாளே கூட வருகிறவர்களும் கிடையாது! மிஞ்சியது ஒரு குதிரை வண்டி, வாடகைக்கு எடுத்த ஒரு குழாய் ஸ்பீக்கர், மைக் பிடிக்க நான். காவேரிப் பாலத்தில் வண்டி போகும்போது, "வாக்காளப் பெருமக்களே!" என்று நான் ஆரம்பித்தால் குதிரை மிரண்டு ஓட்டம் பிடிக்கும். மிச்ச வாசகத்தைக் கேட்கிற பாக்கியம் எதிரே வந்த மாட்டு வண்டிகளுக்குக் கிடைக்கவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டில் உட்கார்ந்து மேஜைவிரிப்புக்குப் பூப்போட்டுக் கொண்டிருந்தவளுக்கு ஊரெல்லாம் கேட்கிற மாதிரி கத்த ஒரு சாக்கு கிடைத்தால் சும்மா விடுவேனா?

ஆனால் அப்பாவின் பேச்சு எடுபடவில்லை. லைசென்ஸ், பர்மிட், இலாகா என்று அவர் அடுக்க, முன்வரிசையில் இருப்பவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் காலையில் கூடத்தில் மேலும் கீழும் நடந்தபடி, "சட்டுன்னு புரியற மாதிரி ஒரு உதாரணம் வேணும்மா. ஒண்ணே ஒண்ணு போதும்" என்றார். எனக்கு நாக்கில் சனி. "ஒரு ஆபீஸ் இருக்காம்ப்பா, இன்னொரு ஆபீசை மூடறதுக்குன்னே திறந்தாங்களாம்" என்று ஆரம்பித்து, மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டது வரைக்கும் நடித்தே காட்டிவிட்டேன். அப்பா ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எந்த ஊர்லம்மா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. "எங்கேயோ கேள்விப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டேன்.

அன்று சாயங்காலமே ஜீயபுரத்தில் அதை எடுத்துவிட்டார். அடேயப்பா, என்ன சிரிப்பு, என்ன கைதட்டல்! வாழைத்தோப்பில் வேலை முடித்து வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். "மூடுங்கய்யா அந்த ஆபீசை!" என்று ஒரே குரல். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வந்து மனு கொடுத்தார்கள். ஒருத்தருக்கு வாய்க்காலில் பாலம் வேண்டும், இன்னொருத்தருக்கு ரோடு வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேண்டும். "எல்லாச் செலவையும் குறைச்சுடுங்க. எங்க ஊர்ல மட்டும் கை வெச்சிடாதீங்க" என்று ஒரு பெரியவர் அப்பா கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். மனுக்களை மடியில் வைத்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அப்பாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் அந்த ஆபீஸ் கதைதான். அப்பா வேறு எதையாவது பேச ஆரம்பித்தால், "மூடற ஆபீசைச் சொல்லுங்க!" என்று கூட்டத்திலிருந்து கேட்டு வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் அத்தானிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்து அழுதுவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், மனுஷர் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார். "எங்க மேனேஜர் மாதிரியே பேசறாராமே மாமா? நான் ஒருநாள் வந்து கேக்கணும்."

"உங்களுக்கு வேலை போனா நம்ம கல்யாணம் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"அதை உங்க அப்பாகிட்ட கேளு" என்றார். செம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டு கையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

கடைசிக் கூட்டம் ஸ்ரீரங்கத்திலேயே, ராஜாக்கள் காலத்தில் கட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன மொட்டைக் கோபுரத்துக்கு முன்னால். விளக்கு வைக்கிற நேரம். அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். பின்னால் நின்ற கோபுரத்தைக் காட்டி, "இது சர்க்கார் ஆரம்பிச்ச வேலை இல்லீங்க. அதனாலதான் இவ்வளவாவது எழும்பி நிக்குது!" என்றதும் விசில் பறந்தது. நான் மேடை ஓரத்தில் ரெண்டாவது மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தை நோட்டம் விட்டவளுக்குப் பகீரென்றது. வேர்க்கடலை வண்டிக்குப் பக்கத்தில், தலையில் துண்டைப் போட்டு முக்காடிட்டுக்கொண்டு, அத்தான்! சர்க்கார் உத்தியோகஸ்தர் தேர்தல் கூட்டத்துக்கு வரவே கூடாது. வந்ததும் இல்லாமல் கடலையைக் கொறித்துக்கொண்டு நிற்கிறார்.

அப்பா ஆபீஸ் கதையைச் சொல்லி முடித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு சோடாக் கடைக்காரர் எழுந்தார். "கதை நல்லாத்தான் இருக்குங்க. ஊரு, பேரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே? அப்படி ஒரு ஆபீஸ் எங்க இருக்கு? இல்ல, ஓட்டுக்காக அளந்து விடறீங்களா?"

அப்பாவுக்கு எதை வேண்டுமானாலும் சொல்லலாம், பொய்யன் என்று மட்டும் சொல்லக் கூடாது. முகம் சிவந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். "சொல்லும்மா. எந்த ஆபீஸ்?"

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. மைக்கில் என் மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று கேட்டது. சொன்னால் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் அப்பா ஊர் முன்னால் பொய்யர். ஒரு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு அப்போது அழுகைதான் வந்தது.

"நான் சொல்றேன் மாமா."

அத்தான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். கையில் இன்னும் கடலைப் பொட்டலம். "கன்டோன்மென்ட்ல இருக்கு. அங்க குமாஸ்தா நான்தான்."

அப்பா மைக் முன்னால் நிற்பதையே மறந்துவிட்டார். "அடப்பாவி, நீயா? மூடற ஆபீஸ்ல உக்காந்துகிட்டா பெர்மனன்ட் கேட்டே?"

"நான் எங்க மாமா கேட்டேன்? நீங்கதானே கேட்டீங்க!"

குழாய் ஸ்பீக்கரில் அது தெற்கு வாசல் வரைக்கும் போயிருக்கும். உடனே சோடாக் கடைக்காரர், "ஓஹோ! ஊருக்குத்தான் கத்தரிக்கோல், பொண்ணைக் கொடுக்க மட்டும் கவர்மென்ட் மாப்பிள்ளையா?" என்றாரோ இல்லையோ, கூட்டம் வெடித்துவிட்டது. தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

விரல் சந்தில் பார்த்தால், அப்பாவும் சிரிக்கிறார். முதலில் லேசாக, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "என்னை நல்லாப் பிடிச்சீங்க. தப்பு என்னுதுதான். ஊர்ல எந்தச் செலவைக் குறைக்கிறதுக்கு முன்னாலயும் என் வீட்டுல ஒண்ணைக் குறைக்கிறேன். மாப்பிள்ளைக்கு பெர்மனன்ட்டும் வேண்டாம், அந்த வேலையே வேண்டாம். வைகாசியில கல்யாணம். எல்லாரும் வந்துடுங்க!"

"சாப்பாட்டுல மட்டும் கத்தரிக்கோலைப் போட்டுடாதீங்க!" என்றார் சோடாக் கடைக்காரர்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மேடை ஆடுகிற ஆட்டத்துக்குப் பயந்து சும்மா இருந்தேன்.

அப்பா தோற்றார். டெபாசிட்டும் போச்சு. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று கைதட்டிய அத்தனை பேரும் ஓட்டைக் கொண்டுபோய் வேறு சின்னத்துக்குப் போட்டுவிட்டார்கள். அவர் ரெண்டு நாள் மில் பக்கமே போகாமல் ஈஸிசேரில் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கலைம்மா" என்பார். ஒரு மாதம் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதில் ஒரு துரும்புகூட அசையவில்லையே என்றுதான் அவருக்கு வருத்தம். அது எனக்கும் தாங்கவில்லை.

அந்தப் பக்கம் அத்தானுக்கு, கூட்டத்துக்குப் போனதற்கு விளக்கம் கேட்டு மெமோ வரப்போகிறது என்று பேச்சு. மேனேஜருக்கும் அந்த மாசத்தோடு ரிட்டயர்மென்ட். இனி யாருக்காக மெதுவாகச் செய்வது? அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பல வருஷமாக முடியாத நாலு பீரோவும் மூன்று வாரத்தில் முடிந்துவிட்டன. பியூனுக்குக் கலெக்டர் ஆபீசிலேயே இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, ஃபைல்களைக் கட்டி அனுப்பி, கதவைப் பூட்டிச் சாவியையும் ஒப்படைத்துவிட்டார். மெமோ அதற்கப்புறம்தான் வந்ததாம். வாங்கிக்கொள்ள ஆபீஸ் இல்லை என்று தபால்காரர் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தான் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். "ஆபீசை மூடிட்டேன் மாமா."

அப்பா ஈஸிசேரிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "நிஜமாவா? மொத்தமாவா?" நம்பவில்லை. அப்போதே சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறிக் கன்டோன்மென்ட் போனார். பலகையைக் கழற்றிவிட்ட கதவில் பூட்டு தொங்கியது. அதைப் பிடித்து ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அப்புறம் அத்தானைக் கட்டிக்கொண்டார். நடுரோட்டில்! சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. வழியில் இறங்கிக் கல்யாணப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போனோம். பெயர், ஊர், முகூர்த்தம் எல்லாம் எழுதிக்கொண்டு அச்சகக்காரர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க? பேருக்குக் கீழ போடணும்."

வேலையில்லாத மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"சர்க்கார் செலவைக் குறைச்சவர்னு போடுங்க" என்றார் அப்பா.

அச்சகக்காரர் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "பெர்மனன்ட்டுங்களா?"