ஜாலான் என்று கத்தினேன்

மகள் மண்சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். எங்காவது விழுவாள், விழுந்த இடத்தில் தூக்கிவிட ஆள் இருக்காது. அவள் தினமும் விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். அந்தப் பயணமும் ஆபத்தானதுதான், ஆனால் அங்கே ஆயிரக்கணக்கான மோட்டார்கள் கூடவே போகின்றன. விழுந்தால் நாலு பேர் நிறுத்துவார்கள். இவள் சுற்றப் போகும் செம்பனைத் தோட்டத்துக்குள், அந்த எண்ணெய்ப் பனைக் காட்டுக்குள், யார் நிறுத்துவார்கள்?

அவள் வாங்கியது உயரமான, கரடுமுரடான பாதைக்கென்றே செய்த மோட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்தோடு யோங் பெங் பக்கம் போய்ச் சரளைக்கல் பாதைகளில் சுற்றிவிட்டு, தலை முதல் கால் வரை சிவப்பாகத் திரும்பி வருவாள். கார் நிறுத்தும் இடத்தில் நின்று குழாய்த் தண்ணீரில் அந்தச் சேற்றைக் கழுவும்போது அவள் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தை வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் வேண்டாம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

அன்றைக்கு ஞாயிறு. இரண்டு நாளாக விடாத மழை. அவளுடைய கூட்டத்தில் ஒவ்வொருவராக வரவில்லை என்று செய்தி போட்டுவிட்டார்கள். நான் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"தனியாவா போற?"

"வேற யாரு வருவா? குரூப்ல எல்லாம் சர்க்கரைக் கட்டி. மழை பட்டா கரைஞ்சிடுவாங்க."

"மழை விட்டதும் போலாம்ல?"

"வெயில்ல போனா அது ரைடாப்பா? பாசார் மாலாமுக்குக் காய் வாங்கப் போற மாதிரி இருக்கும்."

"அப்ப நானும் வரேன்."

அவள் என்னுடைய சின்னக் கப்சாய் மோட்டாரைப் பார்த்தாள். முன்கூடையில் முந்தின நாள் வாங்கிய கீரையின் தண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுலயா? அலமாக்! பா, இது மீன் வாங்கப் போற மோட்டார் லா."

"இதுலதான் உன்ன ஆறு வருஷம் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டேன்."

"சரி, வாங்க. ஆனா பின்னாலயே வந்து ஹார்ன் அடிக்கக் கூடாது. மானம் போயிடும்."

மனைவி வாசலில் நின்றாள். என்னிடம், "பாத்துக்குங்க" என்றாள்.

தம்போயிலிருந்து பழைய சாலை வழியாகவே போனோம். செனாயைத் தாண்டியதும் மழை இன்னும் கனத்தது. லாரிகள் கடந்து போகும்போது அள்ளி வீசும் தண்ணீரில் சில நொடி எதுவும் தெரியாது. திரும்பத் தெரியும்போது அவளுடைய சிவப்பு விளக்கு முன்னால் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். யோங் பெங்கில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நான் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். குளிர் என்று சொன்னேன். அவள் தன் கோப்பையை என் பக்கம் தள்ளி, "கைய இதுல வச்சுக்குங்க, சூடா இருக்கு" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். வேறு எந்த ஞாயிறு என்றாலும் அதை மறந்திருப்பேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் போய்விட்டது. பகல்தான், ஆனால் மட்டைகளுக்குக் கீழே எல்லாம் ஒரே பச்சைக் கருப்பு. போட்டிருந்த சரளைக்கல்லில் பாதி செம்மண்ணுக்குள் அமுங்கிக் கிடந்தது, மீதி உருண்டது. இரண்டு பக்கமும் வெட்டியிருந்த பாரிட்டுகளில், அதாவது தண்ணீர் வடியும் அகலமான வாய்க்கால்களில், தண்ணீர் பாதையின் மட்டத்துக்கு வந்திருந்தது. எது பாதை, எது வாய்க்கால் என்பது சில இடங்களில் ஓரத்துப் புல்லை வைத்துத்தான் தெரிந்தது. அவள் எழுந்து நின்றபடி ஓட்டினாள். நான் இரண்டு காலையும் தரையில் இழுத்துக்கொண்டு தவழ்ந்தேன். ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று எனக்காகக் காத்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்ததும், "இன்னும் இருக்கீங்களா?" என்பாள். திரும்பிவிடலாம் என்று ஒரு சந்திப்பில் சொன்னேன். அடுத்த மேட்டைத் தாண்டினால் தார்ச்சாலை வந்துவிடும், திரும்புவதுதான் தூரம் என்றாள். அவள் சொன்னது உண்மைதான். பிறகு வரைபடத்தில் பார்த்தேன்.

மேட்டின் மறுபக்கம் இறக்கம். கீழிருந்து செம்பனைக் குலைகள் ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஓட்டுநர் தன் வலது பக்கமாக, கொஞ்சம் கெட்டியாக இருந்த ஓரத்துக்கு ஒதுங்கி நிறுத்திவிட்டார். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. இதை நான் போலீஸிலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். லாரிக்கு இடப்பக்கம் ஒரு மோட்டார் போகும் அளவுக்கு இடம் இருந்தது. மகள் அதில் மெதுவாக இறங்கினாள். லாரியின் முன்பகுதியைத் தாண்டியபோது முன்சக்கரம் வழுக்கியது. மோட்டார் ஒரு பக்கம் போக, அவள் கால் முன்னால் நீட்டியபடி சறுக்கிக்கொண்டு லாரிக்கு அடியில் போனாள். இடுப்புக்கு மேல் வெளியே, கால்கள் உள்ளே. வலது கால் பின்சக்கரத்துக்கு முன்னால் இருந்தது.

விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மழையும் டீசல் எஞ்சினும்தான் கேட்டன. ஓட்டுநரின் இருக்கை மறுபக்கம் என்பதால் அவருக்கு அவள் தெரியவில்லை. அவள் தாண்டிப் போய்விட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்.

என் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தார். என்ன வேண்டும் என்று கேட்கிற முகம்.

எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். மலாயில்தான் படித்தேன், மலாயில்தான் அலுவலகத்தில் கடிதங்கள் எழுதுகிறேன். என் பிள்ளை சாலையில் கிடக்கிறாள் என்று சொல்ல வந்தேன். "அனாக் சாயா அத்தாஸ் ஜாலான்!" அதுதான் வாயிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அவர் காதில் கையை வைத்தார். கேட்கவில்லை என்பது புரிந்ததும், கடைசிச் சொல்லை மட்டும் திரும்பத் திரும்பக் கத்தினேன். லாரிக்கு அடியைக் காட்டிக் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன்.

"ஜாலான்! ஜாலான்! ஜாலான்!"

மலாயில் ஜாலான் என்றால் சாலை. ஜாலான் என்றால் போ என்றும் அர்த்தம். அந்தக் காலத்தில் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டிக் கண்டக்டர்கள் சொன்ன ஜாலான் அது. மழையில் ஒருவன் எதிரே நின்று கையை வீசி அப்படிக் கத்தினால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? அவர் தலையசைத்துவிட்டு கியரைப் போட்டார்.

லாரி அதிக தூரம் நகரவில்லை. சக்கரம் கால்வாசிகூடச் சுற்றியிருக்காது. அவள் அலறிய சத்தம் எஞ்சினைத் தாண்டிக் கேட்டது. அவரே நிறுத்திவிட்டார். சக்கரம் அவள் பாதத்தின் மேல் நின்றது.

பின்னால் எடுக்க வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் வார்த்தை 'கோஸ்தான்'. நான் கதவை அறைந்துகொண்டு "கோஸ்தான், கோஸ்தான்" என்றேன். அவர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர், வந்து அதிக நாள் ஆகாதவர். அந்தச் சொல் அவருக்குத் தெரியவில்லை. இனி நான் சொல்லும் எதற்கும் வண்டியை அசைக்கக் கூடாது என்பதுபோல ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உறைந்திருந்தார். அப்போது தரையிலிருந்து மகளின் குரல் வந்தது. கடை ஊழியரிடம் பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக.

"பாங், உண்டூர். பெலான் பெலான். உண்டூர்."

அண்ணே, பின்னால எடுங்க, மெதுவா. அது அவருக்குப் புரிந்தது.

அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் இறங்கி வந்தார். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். மண்டியிட்டு அவள் காலிலிருந்த பூட்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பாக் யாங் சுரு ஜாலான்" என்றார். நீங்கதான் போகச் சொன்னீங்க. சண்டை போடுகிற குரலில் இல்லை. தான் கேட்டது சரிதானா என்று உறுதி செய்துகொள்வதுபோல, மெதுவாக.

"பூட்ஸைக் கழட்டாதீங்க, பா" என்றாள் மகள். "கழட்டினா வீங்கிடும். ஃபர்ஸ்ட் எய்ட் கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்க."

அந்த இடத்தில் போனுக்கு லைன் இல்லை. அதே லாரியில்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்தோம். நடுவில் அவள், ஓரத்தில் நான். திருப்ப இடம் இல்லாததால் அவர் மேட்டில் ஏறி, சுற்றுவழியாகத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "மாஃப், மாஃப்" என்று மன்னிப்புக் கேட்டார். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். பூட்ஸின் தையல் வழியாக மிதியடியில் ரத்தம் சொட்டியது. லைன் கிடைத்த இடத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம்.

மருத்துவமனையில் பாதத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்று உடனே சொல்லவில்லை. நுனிப் பகுதிக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும், காத்திருங்கள் என்றார் டாக்டர். சக்கரத்தின் எடை, சேற்றின் அழுக்கு, இரண்டில் எது முந்தும் என்பதுதான் கேள்வி என்றார். விரல்கள் முதலில் ஊதா நிறமாக இருந்தன. பிறகு நுனியில் கருத்தன. வார்டுக்குள் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கருப்பு எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். அது நிற்கவில்லை.

வெளியே நாற்காலியில் மனைவியிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். லாரிக்காரர்மேல் கேஸ் போட வேண்டும் என்று அவளுடைய தம்பி போனில் கத்திக்கொண்டிருந்தார். அவள் போனை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த வார்த்தைய ஏன் சொன்னீங்க?"

"அவ ரோட்டுல கிடக்கிறான்னு சொல்ல வந்தேன்."

"ரோடுன்னே சொல்லியிருக்கலாமே." திரும்பவும் சொன்னாள். "வீட்டுல ரோடுன்னுதானே சொல்றோம். அவனுக்கும் அது விளங்கியிருக்குமே."



போலீஸ் நிலையத்தில் இளம் அதிகாரி ஒருவர் என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தார். ஜாலான் என்று கத்தினேன் என்றதும் நிறுத்தி, "எந்த ஜாலான், என்சிக்? இதுவா?" என்று மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "இல்ல இதுவா?" என்று இரண்டு விரலால் நடந்து காட்டினார். நான் கோட்டைக் காட்டினேன். ஓட்டுநர் காதில் விழுந்தது எது என்றும் கேட்டார். நான் நடக்கும் விரல்களைக் காட்டினேன். அதிகாரி தட்டி முடித்துவிட்டு, ஓட்டுநரை விட்டுவிடச் சொல்லியாகிவிட்டது என்றார். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் சரியாக நடந்தது.

பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள்.

முதல் முறை கட்டுப் பிரித்த அன்று நான்தான் கூட இருந்தேன். மனைவி வெளியே போய்விட்டாள். தாதி துணியை ஈரமாக்கிச் சுற்றுச் சுற்றாக எடுத்தார். மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நான் பாக்க மாட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க. எவ்வளவு இருக்கு?"

பார்க்காமல் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் பார்த்தேன். கருப்பு நூல் போட்ட, வீங்கிய, வழவழப்பான ஒரு முனை. அதில் முடிந்துவிட்டது.

"குதிகால் முழுசா இருக்கு. கணுக்கால் இருக்கு. நடுப்பாதம் வரைக்கும் இருக்கு."

"நடுன்னா? கையில காட்டுங்க."

என் உள்ளங்கையை அவள் முகத்துக்கு மேலே நீட்டி, நடுவில் மற்றக் கையின் விளிம்பை வைத்துக் காட்டினேன். அவள் அந்த இடத்தை உற்றுப் பார்த்தாள்.

"பின்பிரேக் வலது கால்லதான் மிதிக்கணும்" என்றாள். "அதுல மிதிக்க முடியுமா, பா?"

தாதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கையை இறக்கவில்லை. வேண்டாம்மா, இனி வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். எந்தச் சொல்லையும் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. மூடிக்கொண்டேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க" என்றாள்.

"தெரியலம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தாதி புதுத் துணியைப் பிரித்துச் சுற்ற ஆரம்பித்தார்.