நாலு வீட்டு முற்றம்

சித்திரை வெயில் கொளுத்தத் தொடங்கினால் போதும், அளவெட்டியின் அந்தக் குறுகிய ஒழுங்கையே குளிரான நுவரெலியாவுக்குப் போய்விடும். நான்கு வீட்டுக்காரரும் அடுப்பு, கிடாரம் எல்லாவற்றையும் ஒரே வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுவார்கள். மிஞ்சுவது ஐந்தாம் வீட்டு உதயகலா மட்டும்தான். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், தனியாள். பூட்டிய நான்கு வீட்டுத் திறப்புகளும் அவரிடம் வந்து சேரும்.

"உதயாக்கா, விடிய முத்தத்தை மட்டும் கூட்டி விடுங்கோ. சருகு கிடந்தால் வீட்டிலை ஆக்கள் இல்லையெண்டு கள்ளனுக்குத் தெரிஞ்சுபோம்," என்றாள் பக்கத்து வீட்டுத் தயாளினி. வானில் ஏறும்போது, "உங்களையும் கொண்டு போகலாம், இடம் காணாமல் போச்சு," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"எனக்குக் குளிர் ஒத்துவராது, பிள்ளை," என்றார் உதயகலா. போன வருடம் அவர்கள் வாங்கிவந்து கொடுத்த சுவெற்றர் அலுமாரியில் உறை பிரிக்காமல் கிடந்தது. குளிர் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் நான்கு முற்றங்களையும் கூட்டித் தண்ணீர் தெளித்தார். நான்காவது முடியும்போது வெயில் ஏறிவிடும், இடுப்பும் விட்டுப்போகும். தன் முற்றத்து மாஞ்சருகை, "இதை ஆர் பாக்கப் போகினம்?" என்று அப்படியே விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள், ஒழுங்கைக்குப் புதிதான மீன்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பூட்டிக் கிடந்த நான்கு வீடுகளின் முன்னாலும் நின்று நின்று, பொறுமையாக ஹோர்ன் அடித்துப் பார்த்தார். சத்தம் கேட்டு உதயகலா சட்டியோடு குசினியிலிருந்து வாசலுக்கு விரைந்தார்.

மீன்காரர் ஐந்தாம் வீட்டு முற்றத்துச் சருகை ஒருதரம் பார்த்தார். நிற்காமலே போய்விட்டார்.