எண்ணாமல் வைத்த முதல் துணி

அம்மனை நம்பி வாழும் அன்பு உள்ளங்களுக்கு வணக்கம். என் பெயர் வளர்மதி. காரைக்காலுக்கு வடக்கே மண்டபத்தூர் என் ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். நான் ஓமன் நாட்டில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடிச் செவ்வாயன்று, மயக்கத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் என் தவறால் ஒரு துணி தங்கிவிட்டது. எனக்கு அது உறைத்தபோது டாக்டர் தையல் போட ஊசியை வாங்கியிருந்தார். அந்த நிமிஷம் மாரியம்மா எனக்குச் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சுருக்கமானது, அலைந்ததுதான் நீளம். காரைக்காலில் நர்ஸிங் படித்து, அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையின் தியேட்டரில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். வெளிநாடு போக லைசென்ஸ் தேர்வு எழுதினேன். முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவையும் தோற்றபோது ஒரு வாரம் யார் முகத்திலும் விழிக்கவில்லை. மூன்றாம் தடவை பாஸ். அப்புறம் சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்கப் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போவதும் வருவதுமாக ஆறு மாதம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பாடு தெரியும். ஒரு கையெழுத்துக்குத் தமிழ்நாட்டைத் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டைத் தாண்டித் திரும்ப வேண்டும்.

ஓமனில் சேர்ந்ததும் மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதில் ஏதாவது பெரிய தப்பு நடந்தால் டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவார்கள். முதல் இரண்டு மாதம் சீனியர்களுக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்றாம் மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமைதான், டாக்டர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கும் வேலையை முதல் முதலாகத் தனியாக என்னிடம் கொடுத்தார்கள். பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

நோயாளியின் பெயர் ஹமீதா. எங்கள் அம்மா வயது இருக்கும். கர்ப்பப்பையில் கட்டி, அதை எடுக்க வேண்டும். தியேட்டருக்கு வெளியே காத்திருந்தபோது என் கையைப் பிடித்து அரபியில் என்னவோ கேட்டார். எனக்கு அப்போது அரபி அரைகுறை. கடைசிவரை கூட இருப்பாயா என்று கேட்டதாகத் தோன்றியது. தலையை ஆட்டினேன்.

தியேட்டரில் எங்களுக்கு ஒரு கட்டாய வழக்கம் உண்டு. வயிற்றைத் திறந்தால் இரத்தத்தை ஒற்றி எடுக்கப் பெரிய துணிகள் வைப்போம். மாப் என்போம். ஒரு கட்டுக்கு ஐந்து. தொடங்கும் முன் ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுத வேண்டும். மூடும் முன் மறுபடி எண்ணி, அதே எண் வந்தால்தான் தையல். ஒரு கட்டில் ஐந்துக்குக் கூடவோ குறையவோ இருந்தால் அந்தக் கட்டையே அறையை விட்டு வெளியே அனுப்பிவிட வேண்டும்.

அன்று என்னோடு எண்ண வேண்டியவள் லிஸி, கோட்டயத்துப் பெண். முதல் கட்டைப் பிரிக்கும்போது தியேட்டர் போன் அடித்தது. அவள் திரும்பி அதை எடுத்தாள். பேசிக்கொண்டே என்னை எண்ணச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவள் போனை வைக்கும்வரை நான் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. எண்ணி, ஐந்து என்றேன். அவள் பலகையில் எழுதினாள். அடுத்த இரண்டு கட்டுகளை ஒழுங்காகச் சேர்ந்தே எண்ணினோம். மொத்தம் பதினைந்து.

ஆபரேஷன் இரண்டு மணி நேரம் நடந்தது. இரத்தம் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நல்லபடியாக முடிந்தது. மூடும் முன் எண்ணினோம். பதினைந்து. சர்ஜன் எகிப்துக்காரர், அளந்து பேசுகிறவர். சரிதானே என்று கேட்டார். சரி என்றோம் இருவரும். அவர் ஊசியைக் கையில் வாங்கினார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. மனசுக்குள் அம்மனை நினைத்து நன்றி சொன்னேன். தாயே, முதலில் எடுத்ததை உனக்கென்று வைத்துத்தானே தொடங்கினேன், கைவிடாமல் காப்பாற்றினாயே என்று.

சொல்லி முடித்ததும்தான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

எங்கள் அம்மா மீன் எண்ணும்போது முதல் மீனுக்கு எண் சொல்லமாட்டார். "மாரியாத்தாளுக்கு" என்று சொல்லிக் கண்ணில் ஒற்றித் தனியாக வைத்துவிட்டு, அடுத்ததிலிருந்துதான் ஒன்று, இரண்டு. அந்த மீன் கடைசியில் எங்கள் வீட்டுக் குழம்புக்குத்தான் வரும், ஆனால் கணக்கில் வராது. கோட்டுச்சேரியில் கூடையை இறக்கி வைத்து அம்மா விற்ற காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அப்படித்தான் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அன்று முதல் கட்டைப் பிரித்தபோது, தனியாக நிற்கிற முதல் நாள் என்ற பயத்தில், என் கை தன் பாட்டுக்கு முதல் மாப்பை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தது. தலையை லேசாகக் குனிந்தேன். அதற்கு அப்புறம்தான் ஒன்று என்றேன். அதற்கு அப்புறமும் ஐந்து வந்தது. அப்படியென்றால் அந்தக் கட்டில் ஆறு இருந்திருக்கிறது. பலகையில் பதினைந்து, தட்டில் இருந்தது பதினாறு. மூடும் முன் எண்ணியபோது வெளியே வந்திருந்தது பதினைந்துதான், மிச்சம் ஒன்று உள்ளே.

அல்லது, ஓரத்தில் வைத்ததையும் சேர்த்துத்தான் எண்ணினேனோ? சத்தியமாக எனக்கு நிச்சயமில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலில் வேண்டியது அந்தப் பெண்ணுக்காக இல்லை. தாயே, நான் சேர்த்துத்தான் எண்ணினேன் என்று ஆக்கிவிடு என்று வேண்டினேன். புதுச்சேரிக்கு அலைந்த பஸ் எல்லாம் கண்ணில் வந்தது. வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, கணக்குச் சரியாக இருக்கிறது. ஒரு தையல் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. போர்த்திய துணிக்கு வெளியே ஹமீதாவின் கை மட்டும் தெரிந்தது. மருதாணி இட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு யார் மருதாணி இட்டுக்கொள்வார்கள்? மகள் ஆசையாக இட்டுவிட்டிருக்க வேண்டும். தாயே, என்னை விடு, இவங்களப் பாரு என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

"டாக்டர், நிறுத்துங்க. உள்ளே ஒண்ணு இருக்கும்னு நினைக்கிறேன்."

அவர் நிமிர்ந்தார். கணக்குச் சரி என்றாயே என்று கேட்டார்.

"கணக்குச் சரிதான் டாக்டர். நான் எண்ணினதுதான் தப்பு."

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். போட்ட தையலைப் பிரித்துக் கையை விட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை தேடினார், அப்போதும் இல்லை. லிஸியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எக்ஸ்ரே மெஷினை உள்ளே தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். படம் வரும்வரை எல்லோரும் சும்மா நின்றோம். படத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் நான் பைத்தியக்காரி, இருந்தால் குற்றவாளி. எப்படிப் பார்த்தாலும் எனக்கு நல்லது இல்லை. ஆனால் நம்புங்கள், பேசி முடித்த பிறகு எனக்குப் பயமே இல்லை. பக்கத்தில் யாரோ வந்து நின்றது மாதிரி இருந்தது.

மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும்படி ஒரு நூல் தைத்திருக்கும். படத்தில் அந்த நூல் வெள்ளைக் கோடாக, இடது விலாவுக்கு அடியில், சுருண்டு கிடந்தது. டாக்டர் அதை எடுத்து என் தட்டில் வைத்தார். பதினாறு, எழுதிக்கொள் என்று லிஸியிடம் சொன்னார். தைத்து முடித்துக் கையுறையைக் கழற்றிய பிறகு, வாசலில் நின்று என்னிடம், "சொன்னாயே, அது போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத? மீன் கூடையையும் மாரியம்மாளையும் ஆங்கிலத்தில் எப்படி எழுத? பழக்கதோஷம் என்று எழுதினேன். தியேட்டர் பொறுப்பாளர் பிலிப்பைன்ஸ்காரர், கறாரானவர். கூப்பிட்டு உட்கார வைத்து விவரம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீளும், அதுவரை தனியாக நிற்கக் கூடாது என்றார். அனுப்பிவிடுவதாகச் சொல்லவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது.

அம்மா முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அனுப்புனா வந்துடு பாப்பா. வீடு இங்கதான இருக்கு. அந்தப் பொம்பள நல்லாருக்காங்கல்ல? அதச் சொல்லு மொதல்ல."

மூன்றாம் நாள் டாக்டர் ஹமீதாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். நானும் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு, உனக்கு அம்மா இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். போன் போடு என்றார். வீடியோவில் அம்மா வந்தார். இவர் அரபியில் பேசினார், அம்மா மண்டபத்தூர்த் தமிழில் பேசினார். ஒருத்தர் பேசியது மற்றவருக்கு ஒரு சொல்லும் புரியாது. பத்து நிமிஷம் பேசினார்கள். நடுவில் நின்ற எனக்கு வேலையே இல்லை.

இப்போது எனக்கு அங்கே நிரந்தர வேலை. ஒரு மாற்றம் மட்டும் செய்துகொண்டேன். கை கழுவுகிற இடத்திலேயே அம்மனைக் கும்பிட்டு முடித்துவிடுவேன். கதவைத் தாண்டிவிட்டால் எண்ணுவது மட்டும்தான், அதுவும் பக்கத்தில் ஆள் இல்லாமல் எண்ணுவதில்லை.

போன ஆடிக்கு லீவில் வந்து ஊரில் பால்குடம் எடுத்தேன். வரிசையில் முன்னால் நின்ற அக்கா, என்ன வேண்டுதல், கல்யாணமா என்று கேட்டார். இல்லை, ஒரு அம்மா ஆபரேஷனில் நல்லபடியாகப் பிழைத்தார்கள், அதற்கு என்றேன். எந்த ஊர் என்றார். ஓமன் என்றேன்.

"ஒறவா?"

"ஆமாக்கா" என்றேன்.

ஏதோ ஒரு பயத்தோடு இன்று விளக்கேற்றி நிற்பவர்களுக்குச் சொல்கிறேன். தாயை நம்பிக் கேளுங்கள், அவள் பதில் சொல்வாள். சில சமயம் அந்தப் பதில் நாம் வாய்விட்டுச் சொல்ல விரும்பாத ஒரு சொல்லாக வந்து தொண்டையில் நிற்கும். அதைச் சொல்லிவிடுங்கள். பயமாக இருந்தால் பயத்தோடேயே சொல்லிவிடுங்கள்.