மானின் கண் என்ன நிறம்

பெண்ணின் கண்ணுக்கு மானின் கண்ணை ஒப்புச் சொல்லாத ஆள் தமிழில் இல்லை. ஆனால் மானின் கண் என்ன நிறம் என்று திருகோணமலையில் கேட்டுப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் பச்சை என்பார்கள். டவுனில் மான்கள் வீதியிலேயே திரிகின்றன. பகலில் அவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் இருட்டிய பிறகு கூட்டிக்கொண்டு போய்ப் போனில் படம் பிடிப்பார்கள். வெளிச்சம் பட்ட கண் படத்தில் பச்சை மணி போல மின்னும். அந்தப் படம்தான் எல்லோருடைய மனதிலும் இருக்கிறது.

பஸ்மியாவின் மனதிலும் அதுதான் இருந்தது.

பஸ்மியாவுக்கு இருபத்திரண்டு வயது. ஊர் கிண்ணியா. உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனபோது, மூலையில் குந்தி அழுதுகொண்டிருக்காமல் டவுனில், அக்கா முறையில் ராத்தா என்று அவள் கூப்பிடும் மைமூனாவின் தையல் கடையில் சேர்ந்தவள். காலையில் பாலம் தாண்டும் பஸ்ஸில் வருவாள். பள்ளிச் சீருடையும் அபாயாவும் தைப்பாள். வெட்டி மிஞ்சிய துணியில் அவள் தைத்தது வேறு. கொஸ்பிளே என்று சொல்வார்கள்: உடையிலும் முகத்திலும் நடையிலும் கற்பனைப் பாத்திரம் ஒன்றாகவே மாறிக் காட்டுவது. டவுனில் அந்தப் பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மூன்று வருடமாக அவர்கள் எல்லோருக்கும் உடை தைத்தவள் பஸ்மியா. ஆனால் ஒரு தரம்கூட அவள் மேடை ஏறியதில்லை.

இந்த வருடம் டவுனிலேயே முதன்முறையாகப் போட்டி வைத்தார்கள்; வெளியூர்க்காரரும் சேரலாம். முதல் இரண்டு இடத்தையும் எடுப்பவர்கள் கொழும்பில் நடக்கும் பெரிய காட்சிக்குப் போகலாம். இந்த முறை மேடை ஏறுவதும் நான், கொழும்புக்குப் போவதும் நான் என்று பஸ்மியா முடிவு கட்டினாள். டவுன் மானாக ஏறுவது என்றும் முடிவு கட்டினாள்.

தலையில் சுற்றும் பர்தாவைக் கழற்ற மாட்டாள். அதனால் பர்தாவையே மான் தோலாக்கினாள். செம்மண் நிறப் பஞ்சுத்துணியில் வெள்ளைப் புள்ளி, இரண்டு பக்கமும் துணிக் காது, கழுத்திலிருந்து கால் வரை அதே தோல். வெளியில் தெரிவது முகம் மட்டும். முகத்திலும் கண்தான் பேச வேண்டும். போட்டி விதிகள் எழுதிய தாளில் கண்ணுக்கென்று தனியாக இருபது புள்ளி போட்டிருந்தது.

அந்த ஏழெட்டுப் பேரின் குழுவை நடத்தும் கிருஷாந்த் போன் திருத்தும் கடையில் வேலை செய்பவன். அவன் நெருப்பு அரசனாக வரப்போகிறான். கண்ணுக்குள் போடும் சிவப்பு லென்ஸ் ஏற்கெனவே வாங்கிவிட்டான். உடையைப் பார்க்கத் தையல் கடைக்கு வந்தவன் காதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

“மானெண்டாக் கொம்பெங்க?”

“பெட்டை மானுக்குக் கொம்பில்ல.”

“கொம்பில்லாட்டிச் சனம் ஆடெண்டுதான் சொல்லும். கண்ணையாவது நல்ல பச்சையாப் போடுங்க, பஸ்மியா. கண்ணாலதான் நீங்க தப்பலாம்.”

அது சரியாகத்தான் பட்டது. அடுத்த நாளே மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். அங்கே லென்ஸ் பொருத்துபவள் நஸ்ரின். கண்ணை அளக்காமல் ஒருவருக்கும் லென்ஸ் விற்க மாட்டாள். அளந்து முடித்த பிறகுதான் மாதிரிகளை மேசையில் பரப்பினாள்.

“எங்கட கண் கறுப்பு, தங்கச்சி. மெல்லிய சாயம் போட்ட லென்ஸ் வெள்ளைக்காரருக்குத்தான் சரி. எங்களுக்கு அது தண்ணிக்குள்ள தண்ணி விட்ட மாதிரி, ஒண்டும் தெரியாது. முழுசா மறைக்கிறதுதான் எடுக்கோணும். இந்தா, பச்சையில மூணு இரிக்கு. எது வேணும்?”

இலைப் பச்சை, பாசிப் பச்சை, மஞ்சள் கலந்த பச்சை. பஸ்மியா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். தினமும் மானைத் தாண்டி நடப்பவளுக்கு, எந்தப் பச்சை என்று சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

“நேர பார்த்துப்போட்டு வாறன், ராத்தா.”

சாப்பாட்டு நேரத்தில் பேக்கரியில் ஒரு பணிஸை வாங்கிக்கொண்டு கோட்டை வாசல் பக்கம் போனாள். ஒரு பெண் மான் வந்து பணிஸை முகர்ந்தது. பஸ்மியா குனிந்து, முதன்முறையாக அதன் கண்ணைப் பார்த்தாள். மருந்துக்குக்கூடப் பச்சை இல்லை. கறுப்பு. வெயில் பக்கவாட்டில் பட்டபோது கிளாசில் ஊற்றிய, பால் விடாத பிளேன்டீயின் நிறம். அவளுடைய கண்ணின் நிறம்தான் ஏறக்குறைய. ஆனால் அது மனுசக் கண் இல்லை. ஏன்? மான் பணிஸை முடித்துவிட்டுக் அதைச் சுற்றியிருந்த கடதாசியைத் தின்னத் தொடங்கும்போதுதான் பிடிபட்டது. அந்தக் கண்ணில் வெள்ளையே தெரியவில்லை. முழுக்க முழுக்கக் கண்மணி. அதனால்தான் எங்கே பார்க்கிறது என்று சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்ப்பது போல இருந்தது.

மூச்சு வாங்கக் கண்ணாடிக் கடைக்குத் திரும்பினாள்.

“பச்சையில்ல ராத்தா. கறுப்பு!”

நஸ்ரின் சிரித்துவிட்டாள். “அதுக்கு என்னத்துக்கு லென்ஸ்? அல்லாஹ் சும்மா தந்தது ரெண்டு இரிக்கே.”

“இல்ல. என்ட கண்ணில வெள்ளை தெரியுது. மான்ட கண்ணில இல்ல. அகலமா வேணும்.”

நஸ்ரின் சிரிப்பை நிறுத்தினாள். அலுமாரியைத் திறந்து வெகுநேரம் தேடி, கருவிழியை அகலமாகக் காட்டும் கரும்பழுப்பு லென்ஸ் ஒன்றின் படத்தைக் காட்டினாள். “இப்பிடி ஒருத்தரும் என்னட்டக் கேட்டதில்ல” என்றாள். கொழும்பிலிருந்து அது வந்து சேர இரண்டு கிழமை ஆயிற்று.

வீட்டில் உம்மாவிடம் காட்டியபோது உம்மா தலையில் கை வைத்தார்.

“கறுத்தக் கண்ணுக்குக் கறுத்த லென்ஸா, புள்ள? கடலுக்குள்ள உப்புக் கொட்டுற வேலை!”

கிருஷாந்தும் கேட்டுவிட்டு, “இருபது புள்ளியையும் மானுக்கே போட்டிட்டீங்க, திண்டிட்டுப் போகட்டும்” என்றான். பஸ்மியா அசையவில்லை. இருப்பதைத்தான் செய்வாள்; இல்லாததைச் செய்து கைதட்டு வாங்க அவளுக்கு விருப்பமில்லை.

போட்டுப் பழகுவது லேசாக இருக்கவில்லை. முதல் நாள் தையலை விட்டு எழும்பி, கையைச் சும்மா தண்ணீரில் நனைத்துவிட்டு லென்ஸைப் போட்டாள். பஞ்சுத்துணியின் நூல் ஒன்று லென்சுக்கு அடியில் புகுந்து, கண்ணுக்குள் முள் குத்தியது போல எரிந்தது. மூன்று நாள் கண் சிவப்பு. மூன்று நாளும் லென்ஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை. தையல்காரியின் விரல் முழுக்க நூல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி, காற்றில் காய வைத்துத்தான் கண்ணுக்குக் கிட்டப் போவாள்.

போட்டி நாள் வந்தது. மண்டபம் நிறைந்த சனம். கைப்பைக்குள் லென்ஸ் பெட்டியும் அதைக் கழுவும் மருந்துத் தண்ணீரும் வைத்துக்கொண்டு உம்மா முன்வரிசையில் இருந்தார். நீலக் கண், ஊதாக் கண், பொன் கண் எல்லாம் மேடை ஏறி இறங்கின. கிருஷாந்தின் சிவப்புக் கண்ணுக்குப் பிள்ளைகள் வீறிட்டார்கள். பிறகு பஸ்மியா வந்தாள். நாலு அடி வைப்பாள், நிற்பாள், காதைத் திருப்புவாள். ஏதோ சத்தம் கேட்டது போல உறைவாள். சனம் சிரித்துக் கைதட்டியது.

கொழும்பிலிருந்து வந்த நடுவர்களில் மூத்த அம்மா ஒலிவாங்கியை எடுத்தார்.

“உடுப்பு மிக அருமை, மகள். நடையும் அருமை. ஆனா கண்ணுக்கு ஒண்டும் செய்யயில்லையே. அந்த இருபதைத் தர ஏலாதே.”

“லென்ஸ் போட்டிருக்கிறன்.”

“எங்க?”

மண்டபம் சிரித்தது. “பாலத்தில பஸ் குலுக்கேக்க விழுந்திட்டுதாக்கும்!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

பஸ்மியாவுக்குக் கோபம் வரவில்லை. பெருமைதான் வந்தது. லென்ஸ் என்று தெரியாத அளவுக்கு அது மான் கண்ணாகி இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமை கொழும்புக்குப் போக உதவாது.

“ஒண்டைக் கழட்டிக் காட்டட்டா?”

“காட்டுங்க.”

கையைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தினாள். விரல்களில் ஒப்பனைச் சாயமும் பஞ்சு நூலும். “கை கழுவிப்போட்டு வாறன். அஞ்சு நிமிசம்.”

“நேரமில்ல மகள், இப்பவே எடுங்களேன்.”

“ஊத்தைக் கையால கண்ணைத் தொட ஏலாது. புள்ளிய வெட்டுறதெண்டா வெட்டுங்க.”

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மண்டபம் இரைந்தது. உம்மா கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலே ஓடினார். குழாயடியில் மகள் சவர்க்காரம் போட, உம்மா வாசலில் நின்று, “கெதியா, கெதியா! ஐயோ, கெதியாக் கழுவாத, வடிவாக் கழுவு” என்று அவசரப்படுத்தியும் தடுத்தும் இரண்டு பக்கமும் சொன்னார். கையைக் காய வைத்து, ஒன்றிலும் முட்டாமல் தூக்கிப் பிடித்தபடியே பஸ்மியா மேடை ஏறினாள். உம்மா பெட்டியைத் திறந்து நீட்டினார். வலக் கண்ணின் லென்ஸ் வெளியே வந்தது. பஸ்மியா வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டினாள்.

சிரிப்பு நின்றது. வலப் பக்கம் கிண்ணியாப் பெட்டை ஒருத்தி நின்றாள், கொஞ்சம் கண்ணீரோடு. இடப் பக்கம் மான் நின்றது. அது இவ்வளவு நேரமும் தங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதுதான் சனத்துக்குத் தெரிந்தது.

பின்வரிசையில் யாரோ மானைக் கூப்பிடுவது போல நாக்கைத் தட்டினார்கள். பஸ்மியா இடப் பக்கத்தை மட்டும் மெதுவாக அந்தத் திசைக்குத் திருப்பினாள். மண்டபம் அதிர்ந்தது. நடுவர் அம்மா மேடைக்கே ஏறி வந்து, முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தார். “முப்பது பேரைப் பார்த்திட்டன் இண்டைக்கு. எல்லாரிட்டயும் லென்ஸைத்தான் பார்த்தன்” என்றார். திரும்பிப் போய்க் கண்ணுக்கான புள்ளியைத் தாளில் எழுதினார்.

பஸ்மியா இரண்டாம் இடம். கிருஷாந்த் மூன்றாம் இடம். எரிந்து நீர் வடியும் சிவப்புக் கண்ணோடு வந்து, “கொம்பில்லாத மான்தானே எண்டு பயப்படாம இருந்தன், நல்லாக் குத்திப்போட்டுது” என்றான். “முதல்ல போய் அதைக் கழட்டுங்க. கை கழுவிப்போட்டு!” என்று பஸ்மியா விரட்டினாள்.

கொழும்புக்குப் போகிறவர்களின் விபரத்தை ஒரு தம்பி எழுதிக்கொண்டிருந்தான். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டான்.

“பாத்திரம் எந்தக் கதையில வாறது, அக்கா?”

“கதையில வாறதில்ல. டவுனில நிக்கிறது.”

“அப்ப இந்த இடத்தில என்ன போடுறது?”

பஸ்மியா பேனையை வாங்கினாள். ‘பாத்திரம் வந்த இடம்’ என்ற வரிக்கு நேரே ‘திருகோணமலை’ என்று எழுதினாள். எழுத்துப் பெரிதாகிக் கட்டத்துக்கு வெளியே போயிற்று. அவள் அதை வெட்டவில்லை.